விரதமா, பட்டினியா?

உங்கள் வீட்டு ரேஷன் கார்டு என்ன வகை என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று அதில் சில எழுத்துகள் இருக்கும். அரிசி உண்டா, சர்க்கரை மட்டும்தானா, அல்லது எந்தப் பொருளும் வேண்டாமல் சும்மா பீரோவில் தூங்குகிற கார்டா என்பதை அந்த எழுத்துகள் சொல்லிவிடும். யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து உங்களை ஒரு டிராயரில் போட்டு மூடியிருக்கிறார். நம்மில் பலருக்கு அதில் வருத்தம் கிடையாது. டிராயர் பிடிக்கவில்லை என்றால் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

மனிதர்களை வகை பிரிக்காமல் எந்த அரசாங்கமும் நடக்காது. எல்லாரும் சமம் என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுத்தால் பாதிப் பேருக்குக் கை உள்ளே போகாது. அதனால் பிரிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதில்தான் எனக்கு ஒரு பெரிய சந்தேகம். அதைச் சொல்ல உங்களைக் கொஞ்சம் மலையேற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் சமவெளிக் கணக்கு. 1970-71 முதல் நம் நாட்டில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வேளாண் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் விவசாயிகளுக்கு ஐந்து டிராயர். ஒரு ஹெக்டேருக்குள், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி. ஒன்றிலிருந்து இரண்டு ஹெக்டேர் வரை சிறு விவசாயி. அப்புறம் நாலு வரை, பத்து வரை, பத்துக்கு மேல். 2015-16 கணக்குப்படி இந்தியப் பண்ணைகளில் நூற்றுக்கு 86 முதல் இரண்டு டிராயர்களிலேயே அடங்கிவிட்டன. ஐந்து டிராயர் உள்ள பீரோவில் இரண்டில் மட்டும் துணி பிதுங்குகிறது. மற்ற மூன்றும் காற்றாடுகின்றன.

மலைக்குப் போனால் கதை இன்னும் மோசம். காவிரி பாய்கிற ஓர் ஏக்கரும் கொல்லிமலைச் சரிவில் இருக்கிற ஓர் ஏக்கரும் காகிதத்தில் ஒன்றுதான். மலையில் நிலம் ஒரே சதுரமாகக் கிடக்காது. ஓடையோரத்தில் ஒரு துண்டு நெல், மேலே சரிவில் ஒரு துண்டு சாமை, வீட்டைச் சுற்றி நாலு பலா, அதில் ஏறிய மிளகு. இதை எந்த டிராயரில் மடித்து வைப்பது? நீலகிரியில் இன்னொரு வேடிக்கை. தேயிலை வாரியக் கணக்கில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருந்தால் 'சிறு தேயிலை விவசாயி'. அரை ஏக்கரில் தானே குனிந்து கொழுந்து கிள்ளுகிறவரும் அவர்தான், 24 ஏக்கருக்கு ஆள் வைத்துப் பறிக்கிறவரும் அவர்தான்.

இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் நிலத்தை மட்டும் அளப்பதை விட்டுவிட்டுக் குடும்பத்தையே அளக்க ஆரம்பித்தார்கள். இமயமலையிலும் ஆப்பிரிக்க மலைகளிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இப்போது இதுதான் வழக்கம். நீண்ட படிவத்தோடு வீடு வீடாகப் போகிறார்கள். எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், எத்தனை பேர் உழைக்கிறீர்கள், மாடு எத்தனை, என்ன பயிர், எவ்வளவு விற்றீர்கள், யார் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள், உரம் போடுகிறீர்களா, ரோடு எவ்வளவு தூரம்? பதில்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொட்டுகிறார்கள். முதலில் 'முதன்மைக் கூறு பகுப்பாய்வு' என்று ஒன்று நடக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நிறைய நிலம் இருப்பவரிடம் மாடும் நிறைய இருக்கும், கடனும் பெரிதாகக் கிடைக்கும். மூன்று கேள்விகளும் உண்மையில் ஒரே சமாசாரத்தைத்தான் சொல்கின்றன. அப்படிப்பட்டவற்றை ஒன்றாகக் கட்டி, நாற்பது கேள்விகளை நாலைந்தாகச் சுருக்குவதுதான் அதன் வேலை. பிறகு ஒன்றுக்கொன்று நெருக்கமான குடும்பங்களைக் குவியல் குவியலாகச் சேர்க்கும், கலந்து கொட்டிய பருப்பைத் துவரை வேறு, உளுந்து வேறு என்று அம்மா முறத்தில் பிரிக்கிற மாதிரி.

எத்தனை குவியல் என்பதைக் கடைசியில் மனிதர்தான் முடிவு செய்கிறார். கம்ப்யூட்டர் 'நாலு நன்றாயிருக்கும், ஐந்தும் பரவாயில்லை' என்று யோசனை சொல்லும், அவ்வளவுதான். குவியலுக்குப் பெயர் வைப்பதும் மனிதரே. பெரும்பாலும் பணப்பயிர்க் குடும்பம், மாட்டை நம்பிய குடும்பம், வெளியூர்க் கூலியை நம்பிய குடும்பம், வீட்டுச் சோற்றுக்கு மட்டும் பயிர் செய்கிற குடும்பம் என்ற சாயலில் பெயர்கள் வரும்.

இதில் நல்ல எண்ணம் இருக்கிறது. மறுக்கக் கூடாது. ஆண்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வீட்டில் வந்து 'சரிவில் கல் அடுக்கி வரப்புக் கட்டுங்கள், மண் அரிக்காது' என்றால் யார் கட்டுவது? மாடே இல்லாத வீட்டில் 'தொழுவுரம் போடுங்கள்' என்று நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? ஆளுக்கேற்ற மருந்து என்கிற வகையில் இந்தப் பிரிவினை ஒரு கருணைதான்.

எனக்குத் தகராறு 'நீடித்த விவசாயம்' என்று மார்க் போடுகிற இடத்தில்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி ஏறி வந்த ஒரு பையன், கையில் படிவத்தோடு ஒரு வீட்டு வாசலில் உட்கார்கிறான்.

"வயலுக்கு யூரியா, பொட்டாஷ் ஏதாவது போடுறீங்களாம்மா?"

"இல்ல தம்பி."

டிக்.

"பூச்சி மருந்து?"

"அதெல்லாம் அடிக்கிறதில்ல."

இன்னொரு டிக். அடுத்த வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில், இதே டிக். ராத்திரி கம்ப்யூட்டர் இரண்டு வீடுகளையும் ஒரே குவியலில் போடுகிறது. ரசாயனம் இல்லை, பாரம்பரிய விதை, மண்ணுக்குக் கேடில்லை. நீடித்த விவசாயம் செய்யும் குடும்பங்கள். சபாஷ்.

முதல் வீட்டுக்காரருக்கு மிளகும் காபியும் இருக்கின்றன. மகன் கீழே ஏதோ அரசாங்க உத்தியோகம். அரை ஏக்கர் சாமையை அவர் ருசிக்காகவும் அப்பன் பாட்டன் போட்டது என்பதற்காகவும் விதைக்கிறார். யூரியா வாங்கக் காசு இருக்கிறது, வேண்டாம் என்று வைத்திருக்கிறார். இரண்டாவது வீட்டில் யூரியா மூட்டையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க வக்கில்லை. பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் கிடப்பதால் கூட்டுறவு சங்கத்தில் கடன் கேட்டு நிற்கவும் வழியில்லை. பையன் அந்த அம்மாவிடம் "காசு இருந்தா போடுவீங்களா?" என்று கேட்டிருந்தால், "ஏன் தம்பி, நீ வாங்கித் தரப்போறியா?" என்று பதில் வந்திருக்கும். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. 'போடுகிறீர்களா' உண்டு, 'ஏன் போடவில்லை' இல்லை.

அமர்த்தியா சென், 1998-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கினாரே அவர், இந்த விஷயத்தை ஓர் எளிய உதாரணத்தில் சொல்லியிருக்கிறார். வசதியுள்ள ஒருவர் உபவாசம் இருக்கிறார். இன்னொருவர் சோறு கிடைக்காமல் கிடக்கிறார். இரண்டு வயிற்றிலும் இருப்பது ஒன்றுதான், ஒன்றுமில்லை. டாக்டர் சோதித்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் முதலாமவர் நினைத்தால் எழுந்து போய்ச் சாப்பிடலாம். சென் இதை விளக்கப் பல பக்கம் எழுத வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒன்றுக்கு விரதம் என்றும் மற்றதற்குப் பட்டினி என்றும் தமிழில் எப்போதோ இரண்டு பெயர் வைத்தாயிற்று. ஏகாதசிக்குப் பாட்டி சாப்பிடாமல் இருந்ததை 'பாட்டி பட்டினி கிடந்தாள்' என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் உதை விழும்.

அந்த இரண்டாவது வீட்டு அம்மாள் செய்வது விரத விவசாயம் அல்ல, பட்டினி விவசாயம். இரண்டுக்கும் ஒரே சர்ட்டிபிகேட் கொடுத்தால் என்ன ஆகும்? ஏழ்மையை ஒழுக்கம் என்று எழுதிக்கொள்கிறோம். அடுத்து வருகிற திட்டம் 'இவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், மாற்றாதீர்கள், அப்படியே காப்பாற்றுங்கள்' என்று சொல்லும். மியூசியத்துப் பொருளைத்தான் அப்படிக் காப்பாற்றுவார்கள்.

எதிர்ப்பக்கமும் இதே தப்பு நடக்கிறது. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு போட்ட சரிவுகளில் பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. மரவள்ளி சரிவு நிலத்துக்கு நல்லதில்லை என்பது உண்மை. செடிக்குச் செடி இடைவெளி விட்டு நடுகிறார்கள், கிழங்கு பிடுங்கும்போது மண் பொலபொலத்துப் போகிறது, அடுத்த மழையில் அது ஓடையோடு போகிறது. ஆகவே மரவள்ளிக்காரர் 'நீடிக்காத' டிராயருக்குப் போகிறார். கிழங்கு கீழே இறங்கி சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி ஆகிறது. இடையில் ஒரு தகவல்: சேலத்து ஜவ்வரிசியில் நம் பாயசத்துக்குப் போவது கொஞ்சம்தான். நிறைய மகாராஷ்டிரம் மாதிரி வடக்கே போகிறது. அங்கே விரத நாட்களில் அரிசி, கோதுமை சாப்பிடாதவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள். கொல்லிமலைக்காரரின் கைச்செலவுக்குக் காசு, அங்கே யாரோ இருக்கிற விரதத்திலிருந்து வருகிறது.

ஏன் மாறினார்கள் என்று கேட்டால், பேராசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். காரணங்களைப் பாருங்கள். மரவள்ளிக்கு ரொக்கம் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்ட சாமையைக் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. ரேஷனில் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011-லிருந்து இலவசமாகவும் வந்தது. இருக்கட்டும், மூன்றாவது காரணம்தான் முக்கியம். சாமை உமி லேசில் போகாது. உரலில் போட்டு உலக்கையால் குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைக்க வேண்டும். குத்துவது யார்? பெண்கள். வயலில் வேலை பார்த்துவிட்டு வந்து, விறகு எடுத்துவிட்டு வந்து, அப்புறம் குத்த வேண்டும். ரேஷன் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தால் முடிந்தது. அந்தப் பெண் சாமையைக் கைவிட்டதை 'பாரம்பரியத்தை மறந்தாள்' என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உலக்கை பிடித்துப் பார்க்கட்டும்.

1988-ல் எம்.எஸ். சுவாமிநாதன் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பல வருடம் வேலை செய்தது. விதை வங்கி வைத்தார்கள், விற்பனைக்கு வழி பார்த்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர்கள் கிராமங்களில் சிறுதானியம் உமி நீக்கும் மெஷின்களை வைத்ததுதான். எந்த உபதேசமும் செய்யாததை ஒரு மெஷின் செய்கிறது. அது வந்த பிறகு சாமை போடுவதும் விடுவதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நிஜமான தேர்வு ஆகிறது. அதற்கு முன்னால் சாமை என்றால் முதுகுவலி என்று அர்த்தம்.

'குடும்பம்' என்று ஒரே எண் கொடுத்துக் கணக்கெடுக்கிறார்களே, அந்த எண்ணுக்குள் யார் குத்துகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது தெரிவதில்லை. 2015-16 கணக்கில் பெண்கள் பெயரில் இருந்த பண்ணைகள் நூற்றுக்கு 14. வேலையில் அவர்கள் பங்கு 14-தானா என்று எந்த மலைக்கிராமத்திலும் போய்க் கேட்கலாம். 2019-ல் வந்த பி.எம்.கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நில ஆவணத்தில் பெயர் இருந்தால் பணம் வரும், வெறும் மண்வெட்டி பிடித்தால் வராது.

நகரத்தில் இருக்கிற நாம் இந்த நாடகத்தில் வெறும் பார்வையாளர் இல்லை. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நமக்கு சர்க்கரை ஏறிவிட்டது, சாமை சாதம் வேண்டும். பாக்கெட்டில், கல் பொறுக்கி, உமி நீக்கி வேண்டும். வேண்டும் என்பதில் தப்பில்லை. ஆனால் மலை மண்ணையும் பழைய விதையையும் நம் ரத்தச் சர்க்கரையையும் சேர்த்துக் காப்பாற்றுகிற பொறுப்பை, எழுந்து போய்ச் சாப்பிட முடியாத ஒருவர் தலையில் வைத்துவிட்டு அதற்குக் கூலியும் கொடுக்காமல் 'நீடித்த விவசாயி' என்று பட்டம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, பிரிக்கவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதற்கு பக்கத்து நாட்டில் ஒரு பாடம் நடந்தது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. நெல்லுக்கும் தேயிலைக்கும் ஒரே சட்டம், பெரிய தோட்டக் கம்பெனிக்கும் கால் ஏக்கர்க்காரருக்கும் ஒரே நாள். இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி வருவது சிறு தோட்டக்காரர்களிடமிருந்து. கம்பெனியிடம் கையிருப்பு இருக்கும், வங்கி இருக்கும். சிறு தோட்டக்காரரிடம் அடுத்த வாரக் கொழுந்துதான் இருக்கும். விளைச்சல் சரிந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே நாளில் விரதம் அறிவித்தார்கள், பாதி வீடுகளில் அது பட்டினியாக வந்து இறங்கியது.

சிக்கிமையும் சொல்ல வேண்டும். முழுக்க மலை மாநிலம். 2003-ல் இயற்கை விவசாயத்துக்குப் போகிறோம் என்று முடிவெடுத்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, சுமார் 75,000 ஹெக்டேரை மாற்றி, 2016-ல் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தார்கள். நடுவில் 13 வருடம். அங்கேயும் இப்போது சட்டப்படி ரசாயனம் வாங்க முடியாது. ஆகவே அது விரதமா, பட்டினியா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் 13 வருட அவகாசம் என்பது ஏழைக்குக் கிடைக்கிற பெரிய சலுகை.

டிராயருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பூட்டிக்கொள்ளும். ரஷ்யாவில் அலெக்சாண்டர் சயனோவ் என்று ஒரு வேளாண் பொருளாதாரவாதி. மலைக்காரர் இல்லை, ஆனால் சிறு விவசாயக் குடும்பம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அவர் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அவர் கேட்டது எளிமையான கேள்வி: வீட்டில் சாப்பிடும் வாய் எத்தனை, உழைக்கும் கை எத்தனை? புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு இரண்டு கை, இரண்டு வாய். பத்து வருடத்தில் அதே இரண்டு கை, ஆறு வாய். இன்னும் பத்து வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்து ஆறு கை. இன்று ஏழை டிராயரில் இருப்பதும் நாளை வசதி டிராயரில் இருப்பதும் பல சமயம் ஒரே குடும்பம்தான், வயதுதான் வேறு என்றார். அவருடைய அரசாங்கத்துக்கு இது ரசிக்கவில்லை. விவசாயிகளை ஏழை, நடுத்தரம், 'குலாக்' என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். கூலிக்கு ஆள் வைத்தாயா, மாவு மில் வைத்திருக்கிறாயா என்பது போன்ற அடையாளங்களை 1929-ல் உத்தரவாகவே போட்டார்கள். 1930, 31 இரண்டே வருடத்தில் சுமார் 18 லட்சம் பேர் குலாக் குடும்பங்கள் என்று ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். சயனோவை 1930-ல் கைது செய்து 1937-ல் சுட்டுக்கொன்றார்கள். சீனாவில் 1950 நிலச் சீர்திருத்தத்தின்போது ஒட்டிய 'பணக்கார விவசாயி' லேபிள், நிலம் போன பிறகும் பிள்ளைகள் முதுகில் இருந்தது. 1979-ல்தான் கழற்றினார்கள்.

கொல்லிமலைப் படிவத்தையும் ஸ்டாலினையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன் நல்ல பையன். நான் கேட்பது, அவன் போடுகிற டிக்குக்கு எத்தனை வருடம் ஆயுள் என்பதைத்தான். மருந்து அட்டையிலேயே காலாவதித் தேதி போடுகிறோம். ஒரு குடும்பத்தின் வகைக்கும் ஒரு தேதி போடலாம். 'உங்களை இந்த வகையில் சேர்த்திருக்கிறோம்' என்று அந்தக் குடும்பத்துக்கே சொல்லவும் செய்யலாம். ரேஷன் கார்டில் நமக்கு இருக்கிற வசதி இது. ஆராய்ச்சி அறிக்கையில் தான் எந்தக் குவியல் என்பது எந்த மலைக் குடும்பத்துக்காவது தெரிந்திருக்குமா?

புள்ளியியல் படித்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். யூரியா மூட்டையை எண்ணலாம், மனதில் இருப்பதை எப்படி எண்ணுவது? நான் மனதை எண்ணச் சொல்லவில்லை. தேர்வு என்பது பாதி வெளியில்தான் இருக்கிறது. பட்டா யார் பெயரில்? கடன் கேட்டால் கிடைக்குமா, யாரிடம், என்ன வட்டிக்கு? பஞ்ச மாதத்தில் வீட்டில் எத்தனை நாளைக்குத் தானியம் இருக்கும்? அரவை மெஷின் எத்தனை மைல்? இதெல்லாம் எண்ணக்கூடியதுதான். ஊர்க்காரர்களையே பிரிக்கச் சொல்லவும் ஒரு முறை உண்டு. பார்பரா கிராண்டின் என்ற மானிடவியலாளர் 1988-ல் அதை ஒரு கையேடாகவே எழுதினார். வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதி ஊர்க்காரர் சிலரிடம் தனித்தனியாகக் கொடுத்து, வசதிப்படி குவியல் போடச் சொல்ல வேண்டும், ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்க வேண்டும். யார் வீட்டில் நிஜமாகவே வேண்டாம் என்று விட்டார்கள், யார் வீட்டில் முடியாமல் விட்டார்கள் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது. ஊரில் செல்வாக்குள்ளவர் சீட்டைத் தன் வசதிக்கு நகர்த்துவார் என்பதும் உண்மை. அதனால்தான் தனித்தனியாகக் கேட்பது.

படிவத்தில் சேர்க்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. "அடுத்த விதைப்புக்கு முன்னால் கையில் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாக வந்தால் வயலில் என்ன மாற்றுவீர்கள்?" முதல் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து "என்னத்த மாத்தறது, இப்படியே இருக்கட்டும்" என்பார். இரண்டாவது வீட்டு அம்மாள் ஒரு பட்டியலே வைத்திருப்பார்: யூரியா, கூலிக்கு ரெண்டு ஆள், ஒரு கறவை மாடு, பட்டா மாற்ற வக்கீல் பீஸ். யூரியாவைப் பார்த்து முகம் சுளிக்காமல் நாலையும் எழுதிக்கொள்ள வேண்டும். மாட்டுக்கும் பட்டாவுக்கும் வழி செய்துவிட்டு இரண்டு வருடம் கழித்துப் போய் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், யூரியா அந்தப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். படிவத்தில் இதற்கு ஒரு வரி போதும். பதில் எழுதுகிற கட்டத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், டிக் அடிக்கிற அளவுக்கு இருந்தால் பற்றாது.